காகிதம் கேட்டுத் தள்ளாதீர்கள்!



நம் பெருநகர் ஊருக்குப் பக்கத்திலே உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குடவோலை போட்ட மண் என்று மார்தட்டுகிறோம். தட்டலாம். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரனும் ஊரை ஆளும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று பராந்தக சோழன் காலத்திலேயே வெட்டி வைத்த கல்வெட்டு அது. ஆனால் அதே சுவரை முழுசாகப் படியுங்கள். வாரியத்துக்கு வரக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். அப்படியானால், வரப்பிலே எலி பிடித்து நெல்லைக் காப்பாற்றுகிற இருளர் பழங்குடியினர் பெயர் எந்த ஓலையில் ஏறியிருக்கும்?

இன்று அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. குடிசை நிற்கிற இடத்துக்குப் பட்டா எத்தனை பேரிடம் இருக்கிறது? பிள்ளைக்குப் பழங்குடிச் சான்று கேட்டால், தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அங்கே போனால், "அப்பா சான்றைக் கொண்டு வா!" செங்கல் சூளையிலே பிறந்து, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பாவிடம் ஏது சான்று?

காகிதம் கேட்டே ஒரு இனத்தை வெளியே தள்ளலாம் என்று இலங்கை காட்டியது. 1947 தேர்தலில் ஓட்டுப் போட்ட மலையகத் தமிழரிடம், 1948-ல் தகப்பன், பாட்டன் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்து லயன் வீடுகளிலே பிறந்தவர்களிடம் ஏது அத்தாட்சி? சுமார் ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். பட்டாளம் வந்து செய்யவில்லை ஐயா, நாடாளுமன்றம் கை தூக்கிச் செய்தது!

நம்மிடம் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்ட மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். பெரும்பாலும் இருளர். அற்பக் கடனுக்காக அடைபட்டுக் கிடந்தவர்கள்.

1978-ல் தொடங்கிய வடநெம்மேலி கூட்டுறவுச் சங்கத்தில் பாம்பு விஷம் எடுத்துத் தருகிறவர்களும் இதே இருளர்கள்தான். வயலில் விரியன் கடித்தால் நம் உயிரைக் காக்கிற மருந்து பெரும்பாலும் அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. 2023-ல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தோம். விருது கொடுத்த கை, சான்று கொடுக்க ஏன் நடுங்குகிறது?

சட்டமன்றத்தின் 234 இடங்களில் பழங்குடிக்கு இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். நம் இருளருக்காகப் பேச அங்கே யார்? நாம்தான் பேச வேண்டும். வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடுவோம்: கோட்டாட்சியர் இருளர் குடியிருப்புக்கே வந்து விசாரிக்கட்டும். ஒருவர் இருளர் இல்லை என்றால், அதை நிரூபிக்கிற பொறுப்பு அரசாங்கத்துக்கு. பட்டா மனு அன்றைக்கே பதிவாகட்டும். தீர்மானப் புத்தகத்தில் நிலமுள்ளவர்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள்!