ஐபோனின் புது முகமும் செயலி ஆக்குவோரும்

ஊரின் நடுவே ஒரு பெருஞ் சந்தை. சந்தை முழுவதும் ஒரே உடைமையாளருக்குரியது. அங்குள்ள கடைக்காரர் ஒவ்வொருவரும் தத்தம் கையினாற் பலகை அறுத்து, சாயம் பூசி, தங்கள் கடையை அமைத்துக்கொண்டவர்கள். ஒருநாட் காலை உடைமையாளர் வந்து, "இன்னும் மூன்று மாதத்தில் இச் சந்தையின் சுவரும் தூணும் விளக்கும் யாவும் வேறாகிவிடும், உங்கள் கடைகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள்" என்று அறிவிக்கின்றார். பொருள் வாங்க வந்தவர்கள் கைதட்டி மகிழ்கின்றனர். கடைக்காரரின் மனநிலை எவ்வாறிருக்கும்? 2013ஆம் ஆண்டு யூன் 10ஆந் திகதி அமெரிக்காவிலே, சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது ஏறக்குறைய இதுவேயாகும்.

அன்று அப்பிள் கம்பனி தனது ஆண்டு மாநாட்டில், ஐபோனை இயக்கும் மென்பொருளாகிய ஐ.ஓ.எஸ். என்பதன் ஏழாம் பதிப்பை அறிமுகஞ் செய்தது. இதனை இயங்குதளம் என்பர். கைப்பேசியிலுள்ள செயலிகள் எல்லாம் காலூன்றி நிற்கும் நிலம் இது. நிலம் அசைந்தால் மேலே நிற்பவை அசையாமல் இருத்தல் இயலுமா?

முதல் ஐபோன் 2007இல் வெளிவந்த காலந்தொட்டு அதன் திரை உலகப் பொருள்களைப் பார்த்து வரைந்த ஓவியமாகவே இருந்தது. குறிப்பு எழுதும் இடம் கோடிட்ட மஞ்சட் காகிதம்போலத் தோன்றும். நூல்கள் மரத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஐபாட் கருவியின் நாட்காட்டியிலே தோலும் தையலுங்கூடக் காணப்பட்டன. இது வெறும் அலங்காரமன்று. வழவழப்பான கண்ணாடியை விரலாற் தொட்டுப் பழகாத மனிதருக்கு, எதைத் தொடலாம், எதைத் திருப்பலாம் என்று சொல்லாமற் சொல்லிய வழிகாட்டி அது. ஆறாண்டுகள் கழிந்தபின் அந்த வழிகாட்டி தேவையில்லை என்று கருதப்பட்டது. வடிவமைப்பாளர் யொனதன் ஐவின் தலைமையில் தோல், மரம், நிழல், பளபளப்பு எல்லாம் நீக்கப்பட்டன. வெண்மையான வெளி, மெல்லிய எழுத்து, ஊடே பார்க்கக்கூடிய படலங்கள் என்பன அவற்றின் இடத்தைப் பெற்றன. பொத்தான்கள் தம்மைச் சுற்றியிருந்த வேலியை இழந்து வெறுஞ் சொற்களாய் நின்றன.

இம் மாற்றத்தை முதலிற் சுமந்தவர்கள் சுதந்திரமாகத் தொழில் செய்யும் செயலி ஆக்குநர்கள். 2008ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி அப்பிளின் செயலிக் கடை 500 செயலிகளோடு திறக்கப்பட்டது. 2013 யூன் மாதத்தில் அத்தொகை ஒன்பது இலட்சத்தை எட்டியிருந்தது. அவற்றுட் பல பெரிய நிறுவனங்களுக்குரியவை. ஆனால் ஒருவர் தனியே, அல்லது இருவர் மூவர் கூடி ஆக்கிய செயலிகளும் மிகப் பல. ஒரு செயலி விற்றால் விலையில் 70 வீதம் ஆக்கியவருக்கு, 30 வீதம் அப்பிளுக்கு. இதுவே அந்நாளைய உடன்பாடு.

சாயம் மாற்றினாற் போதாதா என்று நேயர்கள் வினவலாம். போதாது. எழுத்தின் பருமன் மாறினால் வரி மாறும். வரி மாறினாற் பக்கத்தின் அமைப்பே மாறிவிடும். முன்னர் தலைப்புப் பட்டைக்குக் கீழே நின்றுவிட்ட உள்ளடக்கம் இப்போது அப்பட்டையின் அடியால் நழுவிச் செல்லவேண்டும். இவையெல்லாம் செய்தபின்னரும் பழைய ஆறாம் பதிப்பிலேயே தங்கிவிட்ட வாடிக்கையாளரைக் கைவிடலாமா என்ற வினா எஞ்சும். கைவிடாவிட்டால் ஒரே செயலிக்கு இரண்டு முகம். ஒருவராய் உழைப்பவருக்கு இது இரட்டை வேலை.

அந்தக் கோடைகாலத்தில் வேறோர் இடையூறும் நேர்ந்தது. சோதனைப் பதிப்புகளையும் கைந்நூல்களையும் பெறுவதற்கு ஆக்குநர்கள் நாடும் அப்பிளின் இணையத்தளம், யூலை 18ஆந் திகதி எவரோ உட்புக முயன்றதன் காரணமாக மூடப்பட்டது. சில பகுதிகள் ஒரு வாரத்தின் பின் திறந்தன. முழுவதும் சீராக ஓகஸ்ட் 10 ஆயிற்று. செப்டெம்பர் நெருங்கிக்கொண்டிருக்க, பட்டறையின் சாவி பறிபோனதற்கு ஒப்பானது இது.

செப்டெம்பர் 18ஆந் திகதி ஏழாம் பதிப்பு பொதுமக்களிடஞ் சென்றது. ஐந்தே நாளில் இருபது கோடிக்கு மேற்பட்ட கருவிகள் அதனை ஏற்றுக்கொண்டன என அப்பிள் அறிவித்தது. பயன்படுத்துவோர் பணம் எதுவுங் கொடுக்கவில்லை. அவர்களுக்கு அது நன்கொடை. ஆயின் நேற்றுவரை அழகாயிருந்த ஒரு செயலி இன்று அவர்கள் கண்ணுக்குப் பழஞ் சட்டைபோலத் தோன்றியது. "உங்கள் செயலி எப்போது மாறும்?" என்ற கேள்வி எத்திசையிலிருந்தும் எழுந்தது. அதனை மாற்றுதற்கு வேண்டிய மாதக்கணக்கான உழைப்பிற்கு விலை கொடுப்பவர் யார் என்ற கேள்வியை வாடிக்கையாளர் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் அவர்கள் கடமையன்று என்றே சொல்லவேண்டும். ஆனால் அக்கேள்வி ஆக்குநரின் மேசையிற் கிடந்தது.

இடையூறு கடையின் விதியிலே இருந்தது. ஒருமுறை ஒரு செயலியை வாங்கியவருக்குப் பின்வரும் திருத்தங்கள் எல்லாம் இலவசம். பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையிற் புதிய பதிப்பை விற்கும் வழக்கம் மேசைக் கணினி மென்பொருளில் நெடுங்காலம் இருந்தது. செயலிக் கடையில் அதற்கு வாயில் இல்லை. தச்சர் ஒருவர் செய்து விற்ற மேசையை, வாங்கியவர் வீட்டுச் சுவரின் நிறம் மாறுந்தோறும் கூலியின்றிச் சென்று இழைத்துக் கொடுக்கவேண்டும் என்றால் அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

இதற்கு விடை கண்டவர்கள் ஒரேவிதமாகக் காணவில்லை. ராப்பொட்ஸ் என்பது மார்க் யார்டின், போல் ஹடாட் என்னும் இருவர் தொடங்கிய சிறு நிறுவனம். உலோக இயந்திரங்கள்போன்ற தோற்றமும் ஒலியுமே அவர்களின் செயலிகளுக்குப் பெயர் தேடிக்கொடுத்தன. புதிய இயங்குதளமோ அத்தோற்றத்தையே பழமை என்று ஒதுக்கிவிட்டது. ருவிற்றர் செய்திகளைப் படிப்பதற்கென அவர்கள் ஆக்கியிருந்த ருவீற்பொட் என்னும் செயலியை அடியிலிருந்து மீளக் கட்டி, 2013 ஒக்டோபர் 24ஆந் திகதி மூன்றாம் பதிப்பாக வெளியிட்டனர். அதனைத் திருத்தமாகக் கொடுக்காமல், 2.99 டொலர் அறிமுக விலையிற் புதிய செயலியாகவே விற்றனர். முன்னரே வாங்கியவர்களுட் சிலர் மீண்டும் பணமா என்று முணுமுணுத்தனர். எனினும் அவர்களின் நிலையையும் நோக்கவேண்டும். 2012இல் ருவிற்றர் கம்பனி, பிறர் ஆக்கும் இத்தகைய செயலிகளைப் பயன்படுத்துவோர் தொகைக்கு எல்லை வகுத்துவிட்டது. புதிய வாடிக்கையாளர் முடிவின்றி வருவர் என்று நம்பியிருக்க அவர்களால் முடியாது. முணுமுணுப்பைத் தாங்கிக்கொண்டு விலை கேட்டது நேர்மையான வழி என்றே தோன்றுகின்றது.

இங்கிலாந்தைச் சேர்ந்த றியல்மக் நிறுவனத்தின் அனுபவம் வேறு. செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிடும் கிளியர் என்னும் அவர்களின் செயலி 2012இல் வந்தபோதே நிழலும் தோலும் இல்லாத தட்டையான நிறப்பட்டைகளாக இருந்தது. புது முகத்திற்கு முன்கூட்டியே பொருந்தியிருந்தது என்று சொல்லலாம். அவர்களும் பழையதை நிறுத்தி, கிளியர் பிளஸ் என்ற பெயரில் புதியதொன்றை விலைக்கு விட்டனர். வாங்கியவர்கள் வெகுண்டனர். நிறுவனம் பின்வாங்கிப் பழைய செயலியை மீண்டும் கடையில் வைத்தது. ஒருவருக்குப் பலித்த வழி மற்றவருக்குப் பலிக்கவில்லை.

மார்க்கோ ஆர்மென்ற் என்பவர் இம்மாற்றத்தைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் ஒருவர். இன்ஸ்ராபேப்பர் என்ற வாசிப்புச் செயலியை ஆக்கியவர். அதனை அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார். அறிமுகம் நடந்த சில நாளில் அவர் எழுதிய கட்டுரையின் கருத்து யாதெனில், கடையின் ஒவ்வொரு துறையிலும் வேரூன்றிவிட்ட பெரிய செயலிகள் விரைவாகத் திரும்பமுடியாதவை, அவை தயங்கி நிற்கும் வேளையே புதியவர்கள் உட்புக ஏற்ற வேளை என்பதாகும். கூறியதோடு அவர் நிற்கவில்லை. ஓவர்காஸ்ற் என்னும் ஒலிப்பேச்சுச் செயலியை ஆக்கி, 2014 யூலை 16ஆந் திகதி வெளியிட்டார். பழைய பதிப்புக்களை அது அடியோடு புறக்கணித்தது. சுமந்து செல்லப் பழைய மூட்டை இல்லாதவருக்கு இவ்வாறு துணிதல் எளிது என்பதையும் மறத்தலாகாது. இன்ஸ்ராபேப்பர் அப்போதும் அவர் கையிலேயே இருந்திருப்பின் அதே கட்டுரையை அதே உற்சாகத்தோடு எழுதியிருப்பாரோ?

தயங்கியவர்களுக்கும் அதிக காலம் கிடைக்கவில்லை. 2014 பெப்ரவரி முதலாந் திகதிமுதல் கடைக்கு வரும் செயலிகளும் திருத்தங்களும் ஏழாம் பதிப்பிற்கேற்ப அமையவேண்டும் என அப்பிள் விதித்தது. கூலி பற்றிய வினாவிற்கு விடை மெல்லவே வந்தது. 2016இல், மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா பெறும் உரிமை எல்லா வகைச் செயலிகளுக்கும் விரிக்கப்பட்டது. 2021 முதல் ஆண்டு வருவாய் பத்து இலட்சம் டொலருக்கு மேற்படாத சிறியவர்களிடம் அப்பிள் பெறும் பங்கு, அவர்கள் விண்ணப்பித்தால், 15 வீதமாகக் குறைந்தது. ஆனால் ஒருமுறை பணங் கொடுத்துச் சொந்தமாக்கிய காலம் போய், எதற்கெடுத்தாலும் சந்தாவா என்று மனம் நொந்தவர் இப்போது வாடிக்கையாளராயினர். ருவீற்பொட்டோ 2023 சனவரியில், ருவிற்றர் தன் கதவைச் சாத்தியபோது மறைந்தது. அதற்கு இயங்குதளம் காரணமன்று.

2025 யூன் 9ஆந் திகதி ஐபோன் மீண்டும் தன் முகத்தை மாற்றப்போவதாக அறிவித்தது. இம்முறை நீர்போல நெளியும் கண்ணாடித் தோற்றம். செப்டெம்பர் 15ஆந் திகதி அது பொதுமக்கள் கைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்போலவே, அந்தக் கோடையிலும் சிறு ஆக்குநர்கள் தம் செயலிகளைப் பிரித்து மேசையிற் பரப்பிக்கொண்டனர். ஒரு வேறுபாடு உண்டு. புதிய தோற்றத்திற்கு ஆயத்தமாகாதவர்கள் சிறிது காலம் பழைய தோற்றத்திலேயே தங்கியிருக்க, செயலியினுள்ளே குறித்துவைக்கக்கூடிய ஒரு தற்காலிக அனுமதியை அப்பிள் இம்முறை முன்கூட்டியே வழங்கியிருந்தது.