தோலுக்கும் எண்ணெய் வேணும்

உங்க தோல் செருப்பை, பூட்ஸைக் கொஞ்சம் பாருங்கள். வெடிப்பு விட்டிருக்கிறதா? மட்டமான தோல் என்று உடனே தூக்கிப் போடாதீங்க. எண்ணெய்ப் பசை வற்றியிருக்கலாம்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுவது நம்ம ஊர்ப் பழைய தொழில். ‘ஈ.ஐ.’ தோல் என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பட்டையின் துவர்ப்பு தோலை அழுகாமல் காக்கும். பிறகு ஏற்றும் எண்ணெய்தான் அதை வளைய வைக்கும், தண்ணீரையும் ஓரளவு தடுக்கும். பூட்ஸ், பெல்ட், பை எல்லாம் உழைப்பது அதனால்தான்.

மழையில் நனைந்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைக்காதீங்க. நிழலில் உலர்த்தி, தோலுக்கென்று விற்கும் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லத் தேயுங்கள். நிறம் சற்றுக் கறுக்கும்; பயப்பட வேண்டாம்.

வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். துணிமேல் ஒட்டிய படலம் தெரிந்தால் அது ரெக்சின். தோல் என்று சொல்லி விற்றால், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பில்லைப் போனில் படம் பிடித்து வையுங்கள். ஏமாற்றியது தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது, பில் நிற்கும். உழைத்த காசு, விட்டுடாதீங்க.