தூங்கானை மாடம்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இடைக்காலக் கலையையும் கட்டடங்களையும் சமய எல்லை கடந்து பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். அரைமணி நேரத்தில் உலகைச் சுற்றிவர என்னால் இயலாது. ஆகவே, நம் நெமிலிச்சேரி நிலையத்தில் மின்வண்டி ஏறினால் சிறிது நேரத்தில் சென்றடையும் ஓரிடத்திலிருந்து தொடங்குகின்றேன்.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலை நீங்கள் அறிவீர்கள். சுந்தரர் பாடிய பதி அது. அங்குள்ள எருக்கந் தூண்களைக் கண்டு வியக்காதவர் இலர். ஆனால் கருவறையின் பின்புறத்தில் சற்றே நின்று நோக்கியவர் நம்மில் எத்தனை பேர்? முன்புறம் நேராக அமைந்த சுவர், பின்புறம் அரைவட்டமாக வளைந்து செல்லும். படுத்திருக்கும் யானையின் பின்னழகை ஒத்த இவ்வமைப்பை வடநூலார் கசப்பிருட்டம் என்பர். தமிழ் அதற்குத் தூங்கானை மாடம் என்று பெயர் சூட்டியது. பெண்ணாகடத்துக் கோயிலுக்கு அதுவே பெயராயிற்று.

தொண்டை மண்டலத்தில் இவ்வடிவம் மிகுதி. பாடியின் திருவலிதாயத்திலும், திருத்தணி வீரட்டானத்திலும், திருவொற்றியூரிலும் காணலாம். 7ஆம் நூற்றாண்டில் மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தைச் செதுக்கிய சிற்பி, அதன் அருகிலேயே ஒரு கல்யானையையும் நிறுத்தினான். வடிவத்துக்கு உரை எழுதிய முதல் உரையாசிரியன் அவன் என்றே நான் கருதுவேன்.

இவ்வடிவம் யாருக்கு உரியது? மராட்டிய நாட்டுக் கார்லாவில், பொது ஆண்டின் தொடக்கக் காலத்தையொட்டிக் குடையப்பெற்ற பௌத்தச் சைத்தியமும் இவ்வாறே பின்புறம் வளைந்தது. வளைவின் நடுவே தூபி. அதனை வலம் வருவதற்குப் பாதை. நாகார்ச்சுனகொண்டாவில் பௌத்தமும் வைதிகமும் ஒரே காலத்தில் இவ்வடிவைக் கையாண்டன. காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில், சமணர் வழிபடும் வர்த்தமானரின் கருவறையும் தூங்கானை மாடமே. தொலைவில், உரோமானியர் பொது மன்றமாகக் கட்டிய நீண்ட மண்டபத்தைக் கிறித்தவர் தம் ஆலயத்துக்கு ஏற்றுக்கொண்டபோது, அரைவட்ட முடிவில் திருப்பீடத்தை வைத்தனர். அவ்வழக்கு இவ்வழக்கிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஒருவரையொருவர் அறியாத தச்சர்கள், புனிதமானதை வளைந்த சுவரால் அணைத்துக்கொள்ள விரும்பினர் என்பதே என் வியப்பு.

கார்லாவின் கல் விதானத்தில் மரச்சட்டங்கள் இன்றும் உள்ளன. கல்லுக்கு அவை தேவையில்லை. மரத்தால் வீடு கட்டிய கையின் பழக்கம் அது. எனவே இவ்வடிவத்தின் முதல் உரிமையாளர் எச்சமயத்தாரும் அல்லர். மரத்தை வளைத்துக் கூரை வேய்ந்த பெயரறியாத தச்சரே.

அரிதாக, ஒரு தச்சனின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கின்றது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் திருவொற்றியூர் விமானத்தைக் கருங்கல்லால் எடுப்பித்தவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகின்றது. அதே இராசேந்திரன்தான், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குத் தன் தந்தை இராசராசன் அளித்த ஆனைமங்கலத்தைச் செப்பேட்டில் பொறித்து உறுதி செய்தான். விகாரத்தை எடுப்பித்தவர் கடல் கடந்த சீவிசய மன்னர். சிவனுக்குத் தூங்கானை மாடமும் புத்தருக்கு ஊரும் ஒரே ஆட்சியில் வழங்கப்பெற்றன.

நாகையில் பௌத்தர் எழுப்பிய செங்கற் கோபுரம் 19ஆம் நூற்றாண்டிலும் நின்றது. 1867இல் அதனை இடித்துவிட்டனர். இடிபடுமுன் வால்டர் எலியட் அதனைக் கண்டு குறிப்பும் படமும் விட்டுச் சென்றமையால் அதன் தோற்றமேனும் நமக்கு எஞ்சியது.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் செங்கல்லால் ஆன சிறு கோயிலைக் கண்டேன். பின்சுவர் வளைந்திருந்தது. மறுமுறை வந்து அளக்கலாம், படம் எடுக்கலாம் என்று திரும்பிவிட்டேன். மறு ஆண்டு மாணவியரை அழைத்துச் சென்றபோது திருப்பணி முடிந்திருந்தது. சுவர் சதுரமாகி, பளபளக்கும் ஓடுகள் பதிக்கப்பெற்றிருந்தன. "வளைவில் ஓடு ஒட்டாதும்மா" என்றார் அங்கிருந்த பெரியவர். அவர் பத்தியில் குறையில்லை. வளைவின் பொருளை அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். முனைவர் பட்டம் பெற்ற நான் சொல்லவில்லை. அக்கோயிலின் பழைய தோற்றம் இன்று என் நினைவில் மட்டுமே உண்டு.

பாவலர்களே, உங்கள் விருத்தமும் ஒரு தூங்கானை மாடமே. சமணராகிய திருத்தக்கதேவர் அதில் சீவகனைப் பாடினார். கம்பர் இராமனைப் பாடினார். வீரமாமுனிவர் சூசையப்பரையும், உமறுப்புலவர் நபிகள் நாயகத்தையும் அதே பாவினத்தில் போற்றினர். கீழக்கரைப் பழைய பள்ளிவாசலில் தமிழ்த் தச்சர் உருவங்களை விலக்கி, தூணுக்குப் பூவும் கொடியும் தந்ததும் இவ்வாறே. கருவறையில் இருப்பவர் மாறினும் சுவரின் வளைவு தாங்கிற்று. மரபா புதுமையா என்று இவ்வட்டத்தில் பத்தாண்டுகளாக வழக்காடியிருக்கின்றோம். வடிவத்தை விடுவோர் விடலாம். ஆனால் அது எதைத் தாங்கியது என்றறிந்த பின் விடுவோம். அறியாமல் இடிப்பதே இழப்பு.

பதினோராம் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு அருகிலுள்ள பழைய கட்டடம் ஒன்றை, கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ, நாற்புறமும் சுற்றிவந்து, அளந்து, வரைந்து, ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். அவற்றைத் தொகுத்து வைப்போம். பின்புறத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.