பழங்கணினிக்குப் புதுவாழ்வு



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகள் நம் இல்லங்களில் பல உள. அவை பழுதுற்றவை அல்ல. ஆயினும் பழைய இரும்பாகின்றன. கல்லூரி புகும் பிள்ளையோ கணினியின்றித் தவிக்கிறது.

இதற்கு வழி உண்டு. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், மூலநிரல் மறைக்கப்படாத பொதுச் சொத்து. 4 ஜி.பி. நினைவகமுள்ள பழங்கணினியிலும் லினக்ஸ் மின்ட் இயங்கும், விலையில்லை, தமிழில் எழுதவும் தடையில்லை.

இவ்வூருக்கு இது புதிதன்று. 2001-இல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் பங்கேற்று உருவாக்கிய சிம்ப்யூட்டர் லினக்ஸில் இயங்கியது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், குரப்பனபாளையக் குடிசைப் பகுதியின் அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தில், நன்கொடைக் கணினிகளில் சிறுவர்கள் கிம்ப் மென்பொருளால் ஓவியம் பயின்றனர்.

பழைய கைப்பேசியெனில் எச்சரிக்கை தேவை. லினியேஜ் ஓஎஸ் பட்டியலில் அம்மாதிரி உளதா, அதன் பூட்லோடர் திறக்குமா என்றறிந்தே வாங்குதல் நன்று. சில வங்கிச் செயலிகள் அதில் இயங்கா.

எஸ்.பி. சாலைக்குச் செல்லுமுன் நம் வீட்டுப் பரணைப் பார்ப்போம். நம் கோப்புகளை அழித்து, லினக்ஸ் நிறுவி, அண்டை வீட்டுப் பிள்ளைக்கு அளிப்போம். அதுவே கல்விக்கொடை.

வாழ்க தமிழ்!