வெட்டிய காட்சிகள்

(நம் குடியிருப்பினர் கொல்லிமலைச் சுற்றுலா சென்றபோது, அரியூர் நாட்டில் தங்கிய இரவில் பேசியது)

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் பாதிப் பேருக்கு இன்னும் தலை சுற்றுகிறது. சாப்பாடு தயாராகும்வரை ஏதாவது பேசச் சொன்னார் செயலாளர். வங்கியில் இருந்தவன் என்பதால் வைப்பு நிதி வட்டி பற்றிப் பேசுவேன் என்று பயப்படாதீர்கள். சினிமாதான்.

'ஷோலே' 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானது. கல்லூரி நாட்களில் சேலத்தில் பார்த்தேன். இந்தி ஒரு வார்த்தை தெரியாது, ஆனாலும் புரிந்தது. கப்பர் சிங்கிடம் இரண்டு கைகளையும் பறிகொடுத்த முன்னாள் போலீஸ் அதிகாரி டாக்கூர், கடைசியில் ஆணி பதித்த செருப்புக் காலால் அவனை மிதிப்பார். கொல்லப் போகும் நேரத்தில் போலீஸ் வந்து தடுத்துவிடும். "இவ்வளவு நேரம் எங்கேய்யா போயிருந்தீங்க" என்று பக்கத்து சீட்டுக்காரர் கத்தினார்.

இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவு அது இல்லை. அதில் டாக்கூரே கப்பரைக் கொன்றுவிடுவார். அப்போது நெருக்கடி நிலை. போலீசில் இருந்தவர் சட்டத்தைக் கையில் எடுப்பதாகக் காட்டக் கூடாது என்றது தணிக்கைக் குழு. (கையே இல்லாதவர் எப்படிக் கையில் எடுப்பார் என்று கேட்க ஆளில்லை.) வேறு முடிவு எடுத்துச் சேர்த்தார்கள். தியேட்டரில் ஐம்பது வருடம் ஓடியது அதுதான்.

மூல நெகட்டிவ் கெட்டுப்போயிருந்தது. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் சிப்பி ஃபிலிம்ஸும் சேர்ந்து, பிரிட்டனில் ஒரு கிடங்கில் கிடந்த சுருள்களையும் தேடி எடுத்து, பழைய முடிவோடு படத்தைச் சரி செய்தார்கள். 2025 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரில் திரையிட்டார்கள். டிசம்பரில் நம் தியேட்டர்களுக்கும் வந்தது.

பிள்ளைகளா, உங்கள் சூப்பர்மேனுக்கும் இதே கதைதான். ரிச்சர்ட் டானர் முதல் படத்தோடு சேர்த்தே இரண்டாம் பாகத்தில் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார். தயாரிப்பாளர்களோடு தகராறு, வேலை போனது. ரிச்சர்ட் லெஸ்டர் வந்து முடித்தார். அப்பாவாக நடித்த மார்லன் பிராண்டோ வரும் காட்சிகளைத் தூக்கிவிட்டு, அவர் சொல்ல வேண்டியதை அம்மாவைச் சொல்ல வைத்தார்கள். எல்லாம் பணக் கணக்கு. 2006-ல் டானரின் படம் டிவிடியாக வந்தது. அதில் அப்பா திரும்பி வந்துவிட்டார். டானர் எடுக்காமல் விட்ட ஒரு முக்கியமான காட்சிக்கு, நடிகர் தேர்வுக்காக எடுத்த சுருளையே ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளேயே ஹீரோவின் தலைமுடி மாறும். எனக்கு அது குறையாகப் படவில்லை.

ஏனென்றால் என் அப்பாவையும் இப்படித்தான் வெட்டினார்கள். 1989-ல் என் கல்யாணம், மூன்று மணி நேர கேசட். பிறகு சி.டி.யாக மாற்றக் கொடுத்தபோது, போர் அடிக்கும் என்று கடைக்காரரே ஒரு மணி நேரமாகச் சுருக்கிவிட்டார். கேசட்டைக் குப்பையில் போட்டது நான்தான். பந்தியில் அப்பா இலை இலையாக நின்று "பாயசம் வந்துதா?" என்று கேட்டுக்கொண்டு போவார். அவர் குரல் பதிவான ஒரே இடம் அது. அவர் காலமான பிறகுதான் தேடினோம். மைத்துனர் வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்த இன்னொரு பிரதி கிடைத்தது. படம் முழுக்கக் கோடு. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

எல்லாருக்கும் அப்படி ஒரு பரண் அமைவதில்லை. தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931. இன்று அதற்குப் பிரதி இல்லை.

ஷோலேயில் எந்த முடிவு நல்லது என்று கேட்பீர்கள். எனக்குப் பழகியது போலீஸ் வரும் முடிவுதான். ஆனால் இரண்டும் இருக்கட்டும். பேரேட்டில் தப்பாக எழுதியதை நாங்கள் அழிக்க மாட்டோம். கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, கையெழுத்து வைப்போம். அடியில் என்ன இருந்தது என்று யாரும் படிக்கலாம்.

சாப்பாடு தயார் என்று கை காட்டுகிறார்கள். ஒரு விஷயம். நம் சங்கத்தின் முதல் பொங்கல் விழா கேசட் அலுவலக பீரோவின் கீழ்த் தட்டில் கிடக்கிறது. அதில் இருக்கும் பெரியவர்கள் சிலர் இன்று நம்மோடு இல்லை. ஓடுகிற வி.சி.ஆர். யார் வீட்டிலாவது இருந்தால், ஊர் திரும்பியதும் சொல்லுங்கள்.