உறுதியைக் கையில் வைத்திருந்தவர்

(நூற்றாண்டு ஆண்டையொட்டி, உயர்தர வகுப்பு மாணவியருக்காக எமது சங்கம் நடத்திய தொழில் வழிகாட்டல் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



மருத்துவம், பொறியியல், சட்டம், கணக்கியல் என்று காலையிலிருந்து பல துறைகளைப் பற்றிக் கேட்டீர்கள். நாம் பேச வந்திருப்பது, பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு தொழிலைப் பற்றி. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியை எந்த நாட்டில், எந்த மொழியில், எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன நிபந்தனையோடு காட்டலாம் என்று பேசி ஒப்பந்தம் எழுதும் தொழில் அது. நிகழ்ச்சியை விற்பது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் விற்கப்படுவது நிகழ்ச்சி அல்ல. அதைக் காட்டுவதற்கான உரிமம்தான் வழங்கப்படுகிறது. வீட்டை வாடகைக்குக் கொடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுதி எம்மிடம் இருக்கும். வாடகைக்கு இருப்பவர் சுவரை இடிக்கலாமா, ஆணி அடிக்கலாமா என்பதை உடன்படிக்கை சொல்லும்.

இதற்கு உதாரணமாக அமெரிக்காவின் ஜோன் கான்ஸ் கூனி அம்மையாரை எடுத்துக்கொண்டோம். பெயரைக் கேட்டதும் இராமாயணத்தை நினைத்துச் சிரிக்க வேண்டாம். இந்தக் கூனி குடும்பத்தைப் பிரித்தவர் அல்லர். பல கோடிப் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் காட்டியவர்.

1929இல் அரிசோனா மாநிலத்திலே பிறந்தவர். கல்வியியலில் பட்டம் பெற்று, சிறிது காலம் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். 1953இல் நியூயோர்க் சென்று தொலைக்காட்சி நிறுவனத்தில் விளம்பரப் பிரிவில் சேர்ந்தார். 1962இல் கல்வித் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் தயாரிப்பாளரானார். 1966இல் ஒரு இராப்போசன விருந்திலே, பாலர் கல்விக்குத் தொலைக்காட்சியைப் பயன்படுத்த முடியுமா என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கேள்வியோடு அவர் பல நகரங்களுக்குச் சென்று, குழந்தை உளவியலாளரையும் ஆசிரியரையும் கண்டு பேசி ஓர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையின் பலனாக 1968இல் சிறுவர் தொலைக்காட்சிக்கான தனி நிறுவனம் உருவானது. தொடக்க நிதி 8 மில்லியன் டொலர். அதில் ஏறத்தாழப் பாதி அரசாங்கப் பணம்.

தங்கைமாரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அறிக்கை எழுதியவர் அவர். ஆனால் இவ்வளவு பெரிய நிறுவனத்திற்கு ஒரு பெண் தலைமை தாங்கினால் மதிப்பார்களா என்ற தயக்கம் எழுந்தது. இரண்டாம் இடத்திற்கு வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். தலைமைப் பதவி அவருக்கே கிடைத்தது. 1969 நவம்பர் 10ஆம் திகதி ‘செசமி ஸ்ட்ரீட்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டியமைக்காக 1970இல் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணைக்குழு அதைக் காட்ட மறுத்தது. கண்டனம் எழுந்தபின் சில வாரங்களில் அந்த முடிவைக் கைவிட்டது.

இனி எமது விடயத்துக்கு வருவோம். அரசாங்கம் இன்று தரும்; நாளை நிறுத்தும். ஆகவே புத்தகம், இசைத்தட்டு, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றுக்கு உரிமம் வழங்கி, அந்த வருமானத்தை நிறுவனம் மீண்டும் நிகழ்ச்சியிலேயே போட்டது. உதவி கேட்கும் கை, தன் உழைப்பில் நிற்கும் கையாக மாறியது இப்படித்தான்.

வெளிநாடுகள் கேட்டு வந்தபோது அவர் செய்ததுதான் எமக்கு முக்கியமாகப் படுகிறது. அப்படியே மொழிமாற்றம் செய்து அனுப்புவதோடு அவர் நிற்கவில்லை. மெக்சிக்கோ, பிரேசில், ஜேர்மனி போன்ற நாடுகளுடன் கூட்டுத் தயாரிப்பு தொடங்கியது. நிபந்தனைகள் இருந்தன: நிகழ்ச்சிக்கு நடுவே வர்த்தக விளம்பரம் வரக்கூடாது, தரம் குறையக்கூடாது, செய்யும் மாற்றங்களை அந்தந்த நாட்டுக் கல்வியாளர் குழு மேற்பார்வை செய்ய வேண்டும். அந்த வழியில் வந்தவைதான் பின்னாளில் தென்னாபிரிக்காவில் எச்.ஐ.வி. தொற்றுள்ள பிள்ளையாக 2002இல் அறிமுகமான ‘காமி’ என்ற பாவையும், 2005இல் பங்களாதேசத்தில் தொடங்கிய ‘சிசிம்பூர்’ நிகழ்ச்சியின் ‘ஹாலும்’ என்ற வங்கப் புலியும். உரிமம் கொடுத்தவர் பணத்தை மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பாவைகள் பிறந்திருக்குமா?

இதிலே கசப்பான பாடமும் உண்டு. பாவைகளை உருவாக்கியவர் ஜிம் ஹென்சன் என்ற கலைஞர். அவற்றின் உரிமை அவருடைய கம்பனியிடமே இருந்தது. ஹென்சன் 1990இல் காலமானார். பத்து ஆண்டுகளின் பின் கம்பனி ஒரு ஜேர்மன் நிறுவனத்தின் கைக்குப் போனது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகள் தங்களுடையது என்று நினைத்த பாவைகள் அந்நியர் கையில்! 2000ஆம் ஆண்டின் இறுதியில் 180 மில்லியன் டொலருக்கு உடன்பட்டுத்தான் செசமி பாவைகளின் உரிமையை நிறுவனம் பெற்றுக்கொண்டது. அன்பும் புகழும் உறுதி ஆகா. எழுத்தில் உள்ளதே உறுதி.

இது தூரத்துக் கதை அல்ல. தமிழ்த்தினப் போட்டிக்கு நீங்கள் எழுதும் நாடகம், அமைக்கும் நடனம், மெட்டமைக்கும் பாட்டு இன்று யாரோ ஒருவரின் தொலைபேசியில் பதிவாகி, நாளை உலகம் முழுவதும் போய்விடும். எமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவரின் பொருளாதார உரிமை அவர் வாழும் காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாக்கப்படுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும்போது கடமையாகப் படைத்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அந்த உரிமை வேலை கொடுத்தவருக்கே போகும். ஆகவே கையெழுத்து வைக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: எந்த உரிமையைக் கொடுக்கிறேன்? எவ்வளவு காலத்திற்கு? எந்த நிபந்தனையோடு?

எமது பிள்ளைகள் பிறநாட்டுத் தொடர்களைப் பார்த்து வளர்கிறார்கள். அது குற்றமல்ல. எமது ஊர்க் கதையும் எமது பேச்சும் கடல் கடந்து போகவேண்டும் என்பதே எமது ஆசை. அதற்கு நடிக்கவும் எழுதவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதத் தெரிந்த பெண்கள் போதாது. தமிழும் ஆங்கிலமும் சிங்களமும் நன்றாகப் படியுங்கள். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளும் கலைப்பிரிவுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து சிந்தியுங்கள். இரண்டும் சேரும் தொழில் இது.

நூறு ஆண்டுகளுக்கு முன் பெண்பிள்ளைகள் கையெழுத்து வைக்கப் பழகினாலே போதும் என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். எதற்குக் கையெழுத்து வைக்கிறோம் என்று வாசித்து, திருத்தி, தேவையானால் மறுக்கவும் தெரிந்த பெண்களை அடுத்த நூற்றாண்டில் எமது கல்லூரி தரவேண்டும்.