பழைய டிராக்டர் வாங்குமுன்

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. ஊரிகத்தில் வாழும் தமிழருள், வட ஆர்க்காட்டுச் சொந்த ஊரில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்போர், 20 குதிரைத்திறனுக்கு உட்பட்ட பழைய டிராக்டரை இங்கேயே வாங்க எண்ணுவது இயல்பு. கையிருப்பு முழுவதும் அதில் செல்லுமாதலால் இரண்டைச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, பொறி. காலையில், அது குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை ஓயாது வந்தால் எண்ணெய் எரிகின்றது; எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. கலப்பையை உயர்த்திப் பொறியை நிறுத்துங்கள். அது விரைந்து தாழ்ந்தால் தூக்கும் அமைப்பு தளர்ந்துவிட்டது.

இரண்டாவது, ஆவணம். பதிவுப் புத்தகத்திலுள்ள பொறி எண்ணும் அடிச்சட்ட எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் தீர்ந்து, அடைமானக் குறிப்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும். கருநாடகப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும்; அதற்கு இங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை.

பழுதான பொறியை ஊர்ப் பட்டறையிலேயே திருத்திக்கொள்ளலாம். சான்றில்லா வண்டிக்கோ, விற்றவரைத் தேடி எல்லை தாண்டி வர நேரிடும். ஆகவே முன்பணம் தருமுன்பே சான்றைக் கேளுங்கள்.